சிவப்பு மையில் ஓர் ஐந்தாம் தேதி

போன மாதம் நம் நர்ஸுகள் சங்கக் கூட்டத்தில் ஒரு சண்டை நடந்தது. தனியார் கிளினிக்குகளில் வேலை பார்க்கும் பெண்கள் சிலர் எழுந்து, "பேர் எழுதி நேரம் வாங்கிட்டு கடைசி நேரத்துல வரமாட்டேங்கிறவங்ககிட்ட பாதி ஃபீஸ் வாங்கச் சொல்றாங்க. டாக்டர் சொல்லிட்டுப் போயிடறார், பேச்சு கேக்கறது நாங்க. இது நியாயமா?" என்று கேட்டார்கள். நியாயம்தான் என்று பாதிப் பேர், அநியாயம் என்று பாதிப் பேர். கடைசியில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. "சிஸ்டரம்மா அந்தக் காலத்துலயே இதைச் செஞ்சவங்களாச்சே, அவங்க சொல்லட்டும்" என்றாள் ஒருத்தி. நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததை அவர்கள் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. உடம்பு சரியில்லையா என்று விசாரித்து சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். சங்கத்தின் ஆண்டு மலருக்குச் சந்தோஷமாக ஏதாவது எழுதுங்கள் என்று பொறுப்பாசிரியை கேட்டிருக்கிறாள். மன்னிக்க வேண்டும். சந்தோஷமானவற்றை வேறு யாராவது எழுதட்டும்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு கிராமம். மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் பெட்பான் கழுவி, மேட்ரனிடம் ஏச்சு வாங்கி, வேதப்பாடத்தில் மட்டும் பரிசு வாங்கி வெளியே வந்தேன். இருபத்து நான்காம் வயதில் திருவனந்தபுரத்தில் டாக்டர் மாத்தனிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் கண் டாக்டர். சீமையில் படித்துவிட்டுத் திரும்பி, புத்தன்சந்தைப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தொழில் தொடங்கியிருந்தார். முன் அறையில் பெஞ்சுகளும் என் மேஜையும். நடு அறையில் சோதனை. பின்னால் ஓட்டைப் பிரித்துக் கண்ணாடி பதித்த ஆபரேஷன் அறை. நர்ஸும் நான், கிளார்க்கும் நான்.

டாக்டர் மாத்தன் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. சத்தம் போடுகிறவரைச் சமாளித்துவிடலாம். இவர் தப்பு கண்டால் ரிஜிஸ்டரை என் பக்கமாகத் திருப்பி வைத்து, அந்த வரியின் மேல் ஆள்காட்டி விரலை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாம் படித்து, நாம் உணர்ந்து, நாம் வெட்கப்பட்டு முடியும்வரை விரல் அங்கேயே இருக்கும். கை கழுவ ஒரு மணற்கடிகாரம் வைத்திருந்தார். மணல் முழுக்க இறங்கும்வரை பிரஷ் போட்டுத் தேய்ப்பார். நடுவில் கண்ணில் ஒரு கொசு உட்கார்ந்தாலும் கை நிற்காது.

காலையில் இரண்டு ஆபரேஷன், ஞாயிறு தவிர எல்லா நாளும். ஏழு மணிக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று. ஏழு மணி நோயாளிக்காக நான் ஐந்தரைக்கே வந்து ஸ்டவ்வைப் பற்றவைப்பேன். இடுக்கிகளையும் கொக்கிகளையும் கொதிக்கவைக்க வேண்டும். கத்தியைக் கொதிக்கவைக்கக் கூடாது, முனை மழுங்கிவிடும். அது ஸ்பிரிட்டில் கிடக்கும். ஒவ்வொரு நாளும் கத்தியைச் சோதிப்பதற்கு, ஒரு சின்ன வளையத்தில் ஆட்டுக்குட்டித் தோலை இழுத்துக் கட்டி வைத்திருந்தார். கத்தியை அதன் மேல் நிறுத்தி விரலைத் தளர்த்துவார். தன் பாரத்திலேயே தோலுக்குள் இறங்கினால் அது கத்தி. இறங்காவிட்டால் ஒதுக்கிவிடுவார். நோயாளி வந்ததும் கொக்கெய்ன் சொட்டு மூன்று முறை, நிமிஷக் கணக்குப் பார்த்து விட வேண்டும். ஆபரேஷன் முடிந்தால் இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைக்க வேண்டும். இவ்வளவும் ஆயத்தம் செய்து நிற்கும்போது ஆள் வராவிட்டால் எப்படி இருக்கும்?

அப்படித்தான் அந்தச் சட்டம் வந்தது. ஊரில் நிலமும் வீடுமாக வாழ்ந்த ஒரு பெரிய மனிதர் கண்புரைக்கு நாள் குறித்துவிட்டு இரண்டு முறை கடைசி நேரத்தில் தள்ளிப் போட்டார். மூன்றாம் முறை ஏழேகால் மணிக்கு அவருடைய கார் வந்தது. டிரைவர் மட்டும் இறங்கி, "அத்தேகம் இன்னு வரில்லா", அவர் இன்று வரமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனான். முந்தின நாள்தான் விழிஞ்ஞத்திலிருந்து நடந்தே வந்த ஒரு மீன்காரியை, இடமில்லை என்று நான் திருப்பி அனுப்பியிருந்தேன். டாக்டர் கழுவின கையை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு வெறும் மேஜையைப் பார்த்தபடி நின்றார். அன்று சாயங்காலமே பலகை தொங்கிவிட்டது. இங்கிலீஷிலும் மலையாளத்திலும் ஆள் வைத்து எழுதினார். கீழே தமிழில் எழுதினது நான். முந்தின நாள் நண்பகலுக்குள் தெரிவிக்காமல் நேரத்தை மாற்றினாலும், ரத்து செய்தாலும், வராமல் இருந்தாலும் பாதிக் கட்டணம் செலுத்த வேண்டும். அதைச் செலுத்திய பிறகே வேறு நாள் தரப்படும். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த மீன்காரிக்காக எழுதின சட்டம் என்றே நினைத்தேன்.

சட்டத்தை முதலில் மீறினவரும் அதே பெரிய மனிதர்தான். நான் பாதிக் கட்டணத்துக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். டாக்டர் பின்னால் வந்து நின்று, "அத்தேகத்தோடு சோதிக்கண்டா, சிஸ்டர்" என்றார். அவரிடம் கேட்க வேண்டாமாம். எனக்கு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தது. மறுநாள் சரியாகிவிட்டது. பெரியவர்களிடம் வாங்க முடியாததையும் சேர்த்து மற்றவர்களிடம் கறாராக வாங்கிவிட வேண்டும் என்று என் மனசு எப்படியோ ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது.

கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் ஒரு வேத வாத்தியார் இருந்தார். அவருக்கு ஏழு மணிக்கு நேரம். ஆறு மணிக்கு ஆள் வந்து, அவருடைய தம்பி விடியற்காலையில் தவறிவிட்டார், வர முடியாது என்று சொன்னான். தீட்டுக் கழிந்து அவர் வந்தபோது பாதிக் கட்டணம் கேட்டேன். மனுஷர் கோபப்படவில்லை. மடியை அவிழ்த்துப் பணத்தை எண்ணி மேஜை ஓரத்தில் வைத்தார். "ஏம்மா, சாவு கூட முந்தின நாள் மத்தியானத்துக்குள்ள வந்து சொல்லிட்டுப் போகணுமோ?" என்று கேட்டார். "போர்டுல அப்படித்தான் இருக்கு சாமி" என்றேன். அதை ஒரு வேடிக்கையாக நான் பல வீடுகளில் காப்பி குடிக்கும்போது சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் நாக்கு அப்படி.

ஆவுடையம்மாள் வந்தது அதற்குப் பிறகு. அவள் புருஷன் சங்கரலிங்கம் பிள்ளை ஆரியசாலையில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கப்பிள்ளை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆவுடையம்மாளுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். காதில் பாம்படம் தோளைத் தொட ஆடும். வாய் ஓயாது. இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணில் வலி, தலைவலி, விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம்.

டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, இமையின் மேல் இரண்டு விரலை வைத்து மாறி மாறி அழுத்திப் பார்த்தார். பிறகு கருவியை வைத்துப் பார்த்தார். உள்ளே நீர் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அது கண்ணின் நரம்பைக் கொன்றுவிடும். என்னிடம், ஒரு வாரம், அதற்கு மேல் தாங்காது என்றார். நான் பிள்ளையிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அவளோ, "ஒத்தக் கண்ணால இத்தனை நாளும் ஓட்டியாச்சு. இவுக மூஞ்சியப் பாக்க அரைக்கண்ணே போதும் தாயி" என்று சிரித்தாள். பிறகு குரலை இறக்கி, "மக தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. பிள்ளை முகத்தைப் பாத்துட்டேன்னா அப்புறம் எப்படியும் போகட்டும்" என்றாள். சொட்டு மருந்து கொடுத்து நாலு நாள் கழித்து நேரம் எழுதினேன்.

நான் நாள் எழுதும் விதத்தை இங்கே சொல்ல வேண்டும். டாக்டரின் ரிஜிஸ்டரில் இங்கிலீஷ் தேதி. ஆனால் நோயாளிகளுக்கு இங்கிலீஷ் தேதி பழக்கமில்லை. மலையாளிகளுக்கு என் தலைக்குப் பின்னால் சுவரில் தொங்கும் மலையாளக் காலண்டரைப் பார்த்து மலையாளத் தேதி எழுதுவேன். தமிழர்களுக்குத் தமிழ்த் தேதி. அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நம் ஜனங்களுக்கு ஓர் உபகாரம் என்று நானாகச் செய்தது. திருநெல்வேலியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வருஷா வருஷம் அனுப்பும் தமிழ்க் காலண்டர் ஒன்று என் மேஜை டிராயரில் இருக்கும். அதைப் பார்த்து, சின்னச் சீட்டில் '5, காலை 7' என்று எழுதிக் கொடுத்தேன். "அஞ்சாந்தேதி, ஏழு மணி, வெறும் வயித்தோட வரணும்" என்று வாயாலும் சொன்னேன். அப்போது புரட்டாசி பிறந்திருந்தது. மலையாளத்தில் அதே மாதத்துக்குக் கன்னி என்று பேர்.

அந்த நாள் வந்தது. ஏழு மணிக்கு அவர்கள் வரவில்லை. மணற்கடிகாரத்தில் மணல் இறங்கி முடிந்தது. டாக்டர் கத்தியைத் தோலில் சோதித்து வைத்திருந்தார். ஏழு இருபதுக்கு மேஜை மேல் இருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆப்சென்ட்" என்றார். நான் சிவப்பு மையைத் தொட்டு ஆவுடையம்மாள் பேருக்கு நேரே எழுதினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இருவரும் வந்து நின்றார்கள். அவள் குளித்து, திருநீறு பூசி, நல்ல சேலை கட்டியிருந்தாள். பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன பிள்ளைவாள், ஒரு நாள் கழிச்சு வந்திருக்கீங்க?" என்றேன்.

அவர் சிரித்தபடி, "இல்லையே தாயி, இன்னைக்கு அஞ்சாந்தேதில்லா?" என்றார்.

"அஞ்சு நேத்தே போயாச்சு."

"என்னம்மா இப்படிச் சொல்லுதீய? காலையில கடை நாள்வழிக் கணக்குல அஞ்சுன்னு என் கையால எழுதிட்டுல்லா வாரேன்."

"ஒரு கணக்கப்பிள்ளைக்குத் தேதி தெரியலேன்னா அந்தக் கடை உருப்பட்ட மாதிரிதான்" என்றேன். பெஞ்சில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். நான் பார்க்கவில்லை. "உங்க பின்னால சுவத்துல மாட்டியிருக்கதையாவது கொஞ்சம் பாருங்க தாயி" என்றார்.

"என் சுவத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றேன். திரும்பவில்லை.

பிள்ளை ஒரு நிமிஷம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆவுடையம்மாள் அவர் தோளைத் தட்டி, "என்ன, நாளைத் தப்ப விட்டுட்டீயளா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "ஆமா ஏளா, நான்தான் தப்பிட்டேன்" என்றார். என்னைப் பார்த்துக் கைகூப்பி, "மன்னிச்சுக்கிடுங்க தாயி. எப்படியாவது இன்னைக்கே பாத்து விட்டிருங்க" என்றார்.

அன்று இரண்டு இடமும் நிறைந்திருந்தது. உள்ளே போய் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்றாவதாக அவளையும் எடுத்திருப்பார். அவர் அப்படி எடுத்திருக்கிறார். நான் போகவில்லை. பலகையைக் காட்டினேன். அவர்கள் கொண்டுவந்திருந்தது ஆபரேஷனுக்கான முப்பது ரூபாய். அதில் பதினைந்தை அபராதமாக எடுத்துக்கொண்டு ரசீது போட்டேன். "மிச்சம் பதினஞ்சு இருக்கு. இன்னும் பதினஞ்சை மாசாமாசம் கொண்டாந்து தந்திருதேன், நாளைக்கே ஒரு நேரம் போடுங்க" என்று கெஞ்சினார். அவருடைய சம்பளமே மாதம் பதினெட்டு ரூபாய்.

"முப்பதும் முழுசாக் கையில வந்த பிறகு வாங்க, நாள் எழுதித் தாரேன்" என்றேன்.

இந்தக் கடைசி வாக்கியம் பலகையில் இல்லை. அபராதம் கட்டினால் வேறு நாள் தர வேண்டும் என்றுதான் இருந்தது. முழுப் பணத்தோடு வந்தால்தான் நாள் என்பது நானாகச் சேர்த்தது. ஒருமுறை தப்பினவர்கள் மறுமுறையும் தப்புவார்கள், முதலிலேயே இறுக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான். அவள் வாசல்படி இறங்கும்போது வலது கையை முன்னால் நீட்டித் தடவினாள். ஐந்து நாள் முன்பு அப்படித் தடவவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து வந்தார்கள். கடன் கேட்கக் கடை முதலாளி ஊரில் இல்லை, தூத்துக்குடிக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தார், வருவார் வருவார் என்று ஒரு வாரம் காத்திருந்தார்களாம். வேறு இடத்துக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு டாக்டர் கைவைத்த கண்ணை இன்னொருவரிடம் காட்டினால் முதல் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் அப்போது எல்லோருக்கும் இருந்தது. பயப்படாமல் போங்கள் என்று நானும் சொல்லவில்லை. இந்தத் தடவை பிள்ளை முப்பது ரூபாயை மேஜையில் வைத்தார். ஆவுடையம்மாளின் காதைப் பார்த்தேன். பாம்படம் இல்லை. இழுத்து வளர்த்த காது வெறும் தோலாகத் தொங்கியது.

டாக்டர் இமையின் மேல் விரலை வைத்ததும் நிறுத்திவிட்டார். விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அவருக்குத் தெரிந்த தமிழில், "வெளிச்சம் தெரியுதா?" என்று கேட்டார்.

"விளக்கு ஏத்தியாச்சா சாமி?" என்றாள் அவள்.

டாக்டர் விளக்கை அணைத்தார். வெளியே வந்து என்னிடம், "எந்தா வைகியது?" என்று கேட்டார். ஏன் தாமதம்?

"குறிச்ச நாள்ல வரலை டாக்டர். ஆப்சென்ட்" என்றேன். பிள்ளை பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் இல்லை என்று முப்பது ரூபாயை டாக்டர் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அந்தப் பதினைந்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எனக்குச் சம்பளம் மலையாள மாதம் முதல் தேதி. துலாம் ஒன்றாம் தேதி டாக்டர் இருபத்தைந்து ரூபாயை உறையில் போட்டுக் கொடுத்தார். அதை வைக்க டிராயரைத் திறந்தேன். அக்கா அனுப்பின காலண்டர் மேலே கிடந்தது. அதில் ஐப்பசி இரண்டு.

நான் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தேன். துலாம் ஒன்று. டிராயரைப் பார்த்தேன். ஐப்பசி இரண்டு. அச்சுப் பிழையோ என்று முந்தின தாள்களைப் புரட்டினேன், கிழித்த தாளை நூலில் கட்டி வைக்கிற பழக்கம் எனக்கு. புரட்டாசி முழுக்கவும் கன்னிக்கு ஒரு நாள் முந்தித்தான் இருந்தது. பல மாதங்களில் தமிழ் மாதமும் மலையாள மாதமும் ஒரே நாளில் பிறக்கும். சில மாதங்களில் மலையாள மாதம் ஒரு நாள் பிந்திப் பிறக்கும். நான் பிறந்து வளர்ந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி இது. எனக்கும் தெரியும். ஆனால் நினைக்கவில்லை. என் புரட்டாசி ஐந்து, பிள்ளைக்குக் கன்னி நாலு. தமிழர் என்று நான் அவருக்குத் தமிழ்த் தேதி எழுதினேன். அவரோ இருபது வருஷமாகக் கடையில் மலையாளத் தேதி எழுதிப் பிழைக்கிறவர், டாக்டர் வீட்டுச் சீட்டில் மலையாளத் தேதிதான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். அந்தக் கணக்குப்படி குறித்த நாளில், குறித்த நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து நின்றார்.

காலண்டரை டிராயருக்குள் போட்டு மூடினேன். பின்கட்டுக்குப் போய் நின்றேன். ஆண்டவரே, ஆண்டவரே என்று சொன்னேனே தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே முழுவதும் கேட்டார். பிறகு ரிஜிஸ்டரைத் திறந்து, என் பக்கம் திருப்பி, சிவப்பு மை வரியின் மேல் விரலை வைத்தார். "ரிஜிஸ்டரில் தெற்றில்லல்லோ, சிஸ்டர்" என்றார். ரிஜிஸ்டரில் தப்பு இல்லையே என்று அர்த்தம். தப்பு நான் எழுதிக் கொடுத்த சீட்டில் இருக்கிறது என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். விரலை எடுக்கவில்லை. "புறத்து பறயண்டா" என்றார். வெளியே சொல்ல வேண்டாம். மறுநாளே சீட்டுகளைக் கிழமையோடு இங்கிலீஷ் தேதி போட்டு அச்சடிக்க ஏற்பாடு செய்தார். அவர் கெட்டவர் இல்லை. கத்தி தோலில் இறங்கவில்லை என்றால் வேறு கத்தி எடுப்பவர், அவ்வளவுதான். நானும் வேலையை விட்டுவிடவில்லை. மறுநாள் ஐந்தரைக்குப் போய் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். இன்னும் நாலு வருஷம் அங்கேதான் இருந்தேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று, வெளியில் நான் இதைச் சொன்ன ஒரே ஆளான என் அக்கா ஆறுதல் சொன்னாள். சறுக்கின யானையின் காலடியில் யார் கிடந்தார்கள் என்று அந்தப் பழமொழியில் இல்லை. கூட்டத்தில் கேட்ட பெண்களுக்கு என் பதில் இதுதான்: வாங்க வேண்டும் என்றால் வாங்குங்கள். வராமல் போகிறவனால் இன்னொருத்திக்கு இடம் போகிறது என்பது நிஜம். ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒருவர் உங்கள் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்கச் சொன்னால் திரும்பிப் பாருங்கள். கழுத்து சுளுக்கிவிடாது.

டாக்டரிடம் சொன்ன அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பதினைந்து ரூபாயை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு ஆரியசாலைக்குப் போனேன். கடைகள் பூட்டியிருந்தன. சந்து முழுக்க வற்றல் மிளகாய் நெடி. பிள்ளையின் வீடு ஒரு குடோனுக்குப் பின்னால் இரண்டு அறை. அவர் வாசலிலேயே இருந்தார். என்னைக் கண்டதும் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு எழுந்தார்.

வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயம். "பிள்ளைவாள், நீங்க நாளைத் தப்ப விடலை. தப்பு என்னுது. நான் எழுதினது தமிழ்த் தேதி."

அவர் உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "தெரியும் தாயி."

"தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். கடையில தமிழ்ப் பஞ்சாங்கமும் கிடக்குல்லா. போனதும் எடுத்துப் பாத்தேன். மலையாளத்துல அஞ்சு, தமிழ்ல ஆறு. இப்படித்தான் ஆகியிருக்கும்னு புரிஞ்சுது."

"அப்போ ஏன் வந்து சொல்லலை? ஒன்பது நாள் கழிச்சு வந்தப்பக்கூட வாயைத் திறக்கலையே!" நான் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் கையை அமர்த்திக் காட்டினார்.

"உங்க தப்புன்னு பத்துப் பேருக்கு முன்னால நான் சொல்லி, நீங்க கோவத்துல நாளே தர மாட்டேன்னுட்டா என்ன செய்வேன்? கண்ணு உங்க கையிலல்லா இருந்தது."

நான் பணத்தை எடுத்து நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாம் தாயி. வாங்கினா ஏது இதுன்னு அவ கேப்பா. நான்தான் தப்பிட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன். திட்டுதா, அழுதா, சோத்தப் போடுதா. எங்களுக்குள்ள அது சரியாப் போயிரும். நர்ஸு தப்புன்னு தெரிஞ்சா அவளுக்கு யாரைத் திட்ட? அது உள்ளேயே கிடந்து அவளைத் தின்னுரும். இப்படியே இருக்கட்டும்."

உள்ளேயிருந்து ஆவுடையம்மாளின் குரல் கேட்டது. "யாரு வந்திருக்கா?"

"டாக்டர் வீட்டு நர்ஸம்மா. உன்னப் பாக்க வந்திருக்காக" என்றார் அவர்.

உள்ளே போனேன். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நீட்டின காலின் மேல் பிறந்து ஆறேழு நாள் ஆன குழந்தை. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கே என்ன இருக்கிறது என்று அவள் கை அதற்குள் பழகியிருந்தது. மகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்காகவா தாயி இவ்வளவு தூரம் வந்தீய?" என்றாள். "இவுக நாளைத் தப்ப விட்டதுக்கு நீங்க என்ன செய்வீய? உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. ஊருல எல்லாரும் முகத்துக்கு ஒண்ணு முதுகுக்கு ஒண்ணு பேசுதாக. நீங்க சட்டம்னா சட்டம்னு நின்னீய."

நான் காப்பியைக் கையில் எடுத்தேன். டம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"இங்க பாருங்க" என்று குழந்தையைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள். கொஞ்சம் தள்ளி, நான் இல்லாத பக்கமாக நீட்டினாள். "மூக்கு யாரை மாதிரின்னு கேட்டா, இவுக என்னைய மாதிரிங்காக, மக அவ மாமியார் மாதிரிங்கா. ஆளுக்கு ஒண்ணு சொல்லி எனக்குத் தெரியாதுன்னு ஏமாத்துதாக. நீங்க சொல்லுங்க தாயி. நீங்க பொய் சொல்ல மாட்டீய."

பிள்ளை வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மூக்குதாம்மா" என்றேன். குழந்தையின் மூக்கை நான் பார்க்கவே இல்லை. பார்க்க முடியாமல் கண் நிறைந்திருந்தது.